எறும்புக்குப் போட்ட மஞ்சள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த ஆள் நான். எந்த இடத்தில் பெரிய 'ற', எந்த இடத்தில் சின்ன 'ர' என்று மனைவியைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவளும் சில இடங்களில், "எனக்கும் தெரியாது, ஏதாவது ஒண்டைப் போடுங்கோ" என்கிறாள். தட்டச்சு செய்பவர் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் தமிழ் மலருக்கு, வேலையை விட்டவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பூசை முடிந்து வழக்கம்போலக் கடைசி வாங்கு இருக்கையிலிருந்து மெல்ல வெளியேறப் பார்த்தேன். மலருக்குப் பொறுப்பான தம்பி வாசலில் மறித்துவிட்டார்.

"அண்ணை, நீங்கள் விஞ்ஞானிகளோடை வேலை செய்தனீங்கள். கட்டாயம் எழுதவேணும்."

"நான் போத்தல் கழுவினனான் தம்பி."

"அதைத்தான் எழுதுங்கோ. டாக்சி ஓடின கதை மட்டும் ஏழு வந்திட்டுது."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அதற்குப் பிறகு நாலு மாதம் தாளைத் தொடவில்லை. எழுதுவதென்றால் ஒரு விசயத்தை எழுதியே ஆகவேண்டும். அந்த விசயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மன்னாரிலிருந்து ஜேர்மனிக்குப் போய் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு குடும்பத்தோடு லண்டன் வந்து மோர்டனில் வீடெடுத்தோம். நகர நடுவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கோப்பை கழுவியவன் போத்தல் கழுவ மாட்டானா என்று போனேன். முதல் கிழமையிலேயே தெரிந்துவிட்டது, அது வேறு வேலை.

சாப்பாட்டுக் கடையில் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் போதும். இங்கே அது போதாது. குழாய்த் தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும். காரமான சவர்க்காரத் தூள் கரைத்த சுடுநீரில் ஊறவிட்டு, பிரஷ் போட்டு, திரும்பவும் அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் மூன்று தரம். அதன்பிறகு போத்தலை வெளிச்சத்தில் சரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே துணிபோல வழுக்கி இறங்கினால் சுத்தம். எங்கேயாவது துளித்துளியாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு இன்னுமொரு சோதனை இருந்தது. கதவு போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் ஊதா விளக்கு. கழுவிய சாமானை அதற்குள் வைத்துப் பார்த்தால் ஒன்றும் மினுங்கக் கூடாது. ஏனென்றால் அங்கே நடந்த ஆராய்ச்சியே மினுங்குவதைப் பற்றித்தான். சில செடிகளின் சாற்றில் தானாக ஒளிரும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, உயிருள்ள செல்லுக்குள் அனுப்பி, உள்ளே என்ன நடக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. மருந்துக் கம்பனிகள் செய்கிற சாயங்கள் சிலவேளை செல்லைக் கொன்றுவிடுமாம். செடியிலிருந்து வருவது அவ்வளவு கொடுமை செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது கவிதா என்று ஒரு பிள்ளை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், படித்து டொக்டர் பட்டம் எடுத்தவர், முப்பத்துமூன்று வயது இருக்கும். ஆய்வுகூடத்தில் தமிழ் பேசியது நாங்கள் இரண்டு பேரும்தான். நான் பேசுவதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வரும்.

"அண்ணா, நீங்க பேசினா எங்க தாத்தா காலத்து ரேடியோ கேக்குற மாதிரியே இருக்கு."

"நீங்கள் தமிழைப் பாதி விழுங்கிப்போட்டுக் கதைக்கிறியள் பிள்ளை. நாங்கள் முழுசாய்ச் சொல்லுறம்."

கவிதா எடுத்துக்கொண்ட செடி பத்துமணிப் பூ. காலையில் பத்து மணிக்கு விரிந்து மத்தியானத்துக்குப் பிறகு வாடிவிடுகிற சின்னப் பூ. அதில் மஞ்சள் நிறப் பூவின் இதழில் ஒரு பொருள் இருக்கிறது. நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். கட்டடத்தின் மொட்டை மாடியில் கண்ணாடி வீடு இருந்தது. அங்கே செடிக்குத் தண்ணீர் விடுவதும் பூப் பறிப்பதும் பிறகு பிறகு என் வேலையாகிவிட்டது. பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பறிக்க வேண்டும். கை படக் கூடாது. சாமணத்தால் இதழை மட்டும் கிள்ளி, வெளிச்சம் புகாமல் அலுமினியத் தாள் சுற்றிய குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, லிப்டில் இறக்கி, கவிதாவின் கையில் கொடுக்க வேண்டும். சூடு பட்டாலும் வெளிச்சம் பட்டாலும் அந்த மஞ்சள் செத்துவிடும். அவர் அதைச் சின்னப் பீங்கான் உரலில் போட்டு அரைத்து, தண்ணீரும் மெதனோலும் கலந்து வடித்தெடுப்பார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு பேராசிரியர் அம்மா. மார்கரெட் என்று வைத்துக்கொள்வோம். வருடம் முழுவதும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை, சைக்கிளில் வருவார். யாரையும் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. 'ஏன்' என்று கேட்கவே மாட்டார். 'என்ன பார்த்தாய்?' என்று மட்டும் கேட்பார். யாராவது 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்கினால் ஒரு விரலை உயர்த்துவார், அவ்வளவுதான். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அந்த ஒரு விரலைக் கண்டு நடுங்குவார்கள். கழுவும் அறைக்குள் சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆனாலும் தன் தேநீர்க் கோப்பையை ஒவ்வொரு காலையும் என் சிங்கில் வந்துதான் கழுவுவார். நான் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

ஏழு மாதம் கவிதாவின் வேலை நகரவில்லை. சாறு குழாயில் இருக்கும்போது அழகாக ஒளிர்ந்தது. செல்லுக்குள் மட்டும் போகவில்லை.

"அது தண்ணியில கரையுற பொருள்ணா. செல்லைச் சுத்தி இருக்கிறது எண்ணெய்ச் சுவர். பல்பு கையில இருக்கு, வீட்டுக்குள்ள கொண்டுபோக வழியில்ல" என்றார்.

அவருடைய ஒப்பந்தம் அந்த வருடம் கார்த்திகையோடு முடிகிறது. ஏதாவது காட்டினால்தான் நீட்டுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த வைகாசியில் கண்ணாடி வீட்டுக்குள் எறும்பு வந்தது. எறும்பின் பின்னால் பஞ்சுபோல வெள்ளைப் பூச்சியும் வந்து தண்டுகளில் ஒட்டத் தொடங்கியது. அங்கே என்ன மருந்து அடிப்பதென்றாலும் முதலில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலப் படிவம், இரண்டு பக்கம். கவிதாவைக் கேட்டிருந்தால் நிரப்பித் தந்திருப்பார். எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. எறும்புக்குப் போய் ஒரு டொக்டரைக் கரைச்சல் படுத்துவதா என்று நினைத்தேன்.

வீட்டுக் குசினியில் எறும்பு வந்தால் என்ன செய்வோம்? மஞ்சள்தூளைக் கோடுபோலத் தூவிவிடுவோம். அதையே செய்தேன். ஜாம் போத்தல் ஒன்றில் மஞ்சள்தூள் கொண்டுபோய், செடித்தட்டு ஓரமாக நெடுக ஒரு கோடு போட்டேன். பூவில் போடவில்லை. செடியில்கூடப் போடவில்லை. மூன்று நாளில் எறும்பு நின்றுவிட்டது. தட்டுக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கோட்டைப் புதுப்பித்துக்கொண்டு, ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் காரியத்தை முடித்தேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமையும் பட்டேன்.

ஆனி மாதம் ஒருநாள் கவிதா கழுவும் அறைக்கு ஓடி வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, வாங்க, வாங்க! உள்ள போயிடுச்சு!"

நுணுக்குக்காட்டி அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. இருட்டில் என்னை உட்காரவைத்துக் கண்ணை வைக்கச் சொன்னார். கறுப்பு நடுவில் பச்சை. ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன ஊர்போல, உள்ளே தெருத்தெருவாக வெளிச்சம். "வடிவாய் இருக்கு பிள்ளை" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் இதழ் கிள்ளிய ஆள்தானே என்று எனக்கும் சந்தோசம்.

திரும்பத் திரும்பச் செய்தார். ஒருநாள் மங்கலாக வரும், ஒருநாள் பிரகாசமாக வரும், ஆனால் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடானது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, அவசரத்தில் கவிதா மூன்று உரல்களை அலசாமல் என் வாளிக்குள் வைத்துவிட்டுப் போனார். வழமையாக அவற்றை அவரே தண்ணீரில் அலசிவிடுவார். பத்துமணிப் பூவின் மஞ்சள் வெறும் தண்ணீருக்கே போய்விடும். அன்று நான் முதல் உரலை எடுத்து அதில் சுடுநீரும் சவர்க்காரத் தூளும் விட்டேன். உரலின் அடியிலிருந்து சிவப்புக் கிளம்பியது.

முதலில் என் கைதான் வெட்டுப்பட்டுவிட்டது என்று பயந்து கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை. உரலைச் சரித்துப் பார்த்தேன். பீங்கானில் ஒட்டியிருந்த மஞ்சள் கறை, சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் சிவந்துகொண்டிருந்தது.

வெள்ளைச் சேட்டில் கறி ஊற்றிக்கொண்டு அதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்த எந்தத் தமிழ் ஆளுக்கும் அந்தச் சிவப்பு தெரியும். எனக்கும் தெரிந்தது. பிரஷைப் போட்டுவிட்டு ஸ்டூலில் இருந்துவிட்டேன்.

அப்படியானால் செல்லுக்குள் போனது பூவா, என் ஜாம் போத்தலா? மஞ்சள்தூளும் மினுங்குமா? நகத்திடுக்கில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கறுப்புப் பெட்டிக்குள் கையை நீட்டி ஊதா விளக்கைப் போட்டேன். நகமெல்லாம் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமை மனைவி, "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள்; தலையிடி என்றேன். ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். இதை என்ன பாவம் என்று சொல்வது? எறும்புக்கு மஞ்சள் போட்டது ஒரு பாவமா? சொன்னால் அந்தப் பிள்ளையின் இத்தனை மாத வேலையும் போய்விடும், என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

திங்கள் காலை எட்டு மணிக்கு முன்பே போய்க் கவிதாவைக் கழுவும் அறைக்குக் கூப்பிட்டேன். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, அழகாக வந்திருந்தார். வியாழக்கிழமை கழுவாமல் எடுத்துவைத்திருந்த மூன்றாவது உரலை எடுத்து, சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். சிவந்தது.

"எறும்புக்குப் போட்டனான் பிள்ளை. மேலை, தட்டு ஓரத்திலை. மஞ்சள்தூள்."

அவர் உரலைக் கையில் வாங்கினார்.

"எவ்ளோ போட்டீங்க?"

"ஒரு ஜாம் போத்தல். வைகாசியிலையிருந்து."

"ஒரு ஜாம் போத்தலா!" என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் யாரிடமும் கேட்டதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணா, இன்னிக்கு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு நானே சொல்லிடுறேன். ஒரே ஒரு நாள்ணா" என்றார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டேன். தலையை ஆட்டி முடிக்கவில்லை, மார்கரெட் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். சிங்கைப் பார்த்தார். சிவப்புத் தண்ணீர். கவிதாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டார்.

"நீ என்ன பார்த்தாய்?"

பதினாறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். போத்தல் கழுவுகிறவனிடம் அதைக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. கவிதா என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் மூன்றே சொல்தான் வந்தது.

"டேர்மரிக். மை டேர்மரிக்."

எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தைரியத்தால் சொன்னேன் என்றால் அது பொய். கேள்வி கேட்டார்கள், பதில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வராத அதே வாய்தான்.

மார்கரெட் கோப்பையை வைத்துவிட்டு, "நன்றி" என்றார். திட்டுவார் என்று நின்ற எனக்கு அந்த நன்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பத்து மணிக் கூட்டத்தில் கவிதாவே எழுந்து, படங்களைக் காட்டாமல், இதில் சந்தேகம் வந்திருக்கிறது, திரும்பச் செய்ய வேண்டும் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மத்தியானம் மார்கரெட் அந்த இரண்டு பக்கப் படிவத்தோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். எந்தக் கடைத் தூள், எந்த நாள், எவ்வளவு உயரத்திலிருந்து, எந்தக் கையால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தானே எழுதி, என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை.

புதுச் செடி வைத்து, தட்டைக் கழுவி, காற்றாடியைக் கழுவி, பூப் பறித்துக் கொடுத்தேன். செல் எல்லாம் இருட்டு. மஞ்சள்தூளை மட்டும் கரைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பச்சைத் தெருக்கள் வந்தன. மஞ்சள் செல்லுக்குள் போகும் என்பது எல்லோருக்கும் எப்போதோ தெரிந்த விசயமாம். அந்த நாட்களில் கவிதா என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. "சார், இதழ் ரெடியா?" என்பார். என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அது அவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டவில்லை. இதனாலா, எப்படியும் நீட்டியிருக்க மாட்டார்களா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கடைசி நாள் கவிதா தன் உரல்களைத் திருப்பித் தர வந்தார். கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். சிங்குக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ணா."

"ஓம்."

"நான் கேட்டுக்கிட்டேன்ல? தலையாட்டினீங்கல்ல?"

"ஓம் பிள்ளை. ஆட்டினனான்."

"அப்புறம் ஏன்?"

"தெரியேல்லை பிள்ளை. சத்தியமாய்த் தெரியேல்லை."

அவர் கதவைச் சாத்தினார். "எனக்கு முதல் நாளே தெரியும்ணா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நிறத்தை அளக்குற மெசின்ல கோடு வேற மாதிரி வந்துச்சு. பூவோட கோடு இல்ல. அப்புறம் உரலை மோந்து பாத்தேன். நான் ஈரோடுண்ணா. ஊரே மஞ்சள் மண்டி. எனக்கு அந்த வாசனை தெரியாதா? என் லெமன் சாதம்தான்னு நினைச்சேன். அப்பெல்லாம் டெஸ்க்லயே சாப்பிட்டுட்டு, கையை அரைகுறையா கழுவிட்டு ஓடுவேன். என் கையாலதான் வந்துச்சுன்னு நினைச்சு, பாக்காத மாதிரி இருந்துட்டேன். ஒரு மாசம். நீங்க உரலைச் சிவக்க வச்சுக் காட்டுறீங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அப்ப அது என்ரை தூளோ, உங்கடை சாப்பாடோ?"

"யாருக்குண்ணா தெரியும்? படிவத்துல உங்க பேர்தான் இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் கை துடைக்கும் கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது? போகும்போது, "வரேன்ணா" என்றார். அந்த 'அண்ணா' திரும்பி வந்தது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

மார்கரெட்டிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாய் என்ன செய்திருக்கும் என்று தெரியாது. இப்போது கழுவும் அறையே இல்லை. எல்லாம் பிளாஸ்டிக், ஒருமுறை பாவித்து எறிவது. என் கைத்தோலும் வெடித்துப்போய் டொக்டர் இனித் தண்ணீர் வேலை வேண்டாம் என்றதால், ஐம்பத்தேழு வயதில் வீட்டில் இருக்கிறேன்.

நேற்று கவிதாவுக்குப் போன் எடுத்தேன். வேறு நாட்டில் வேறு வேலையில் இருக்கிறார். பிள்ளையொன்றும் இருக்கிறது, பின்னால் சத்தம் கேட்டது. கோவில் மலருக்கு இதை எழுதலாமா, உங்கள் பங்கையும் எழுதலாமா என்று கேட்டேன். பிள்ளையை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு வந்தார்.

"எழுதுங்கண்ணா. முழுசா எழுதுங்க. பேரை மட்டும் மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.

மோர்டன், செவ்வாய்க்கிழமை, ஐப்பசி 14, 2025.